சேவைக்கு எத்தனை மணி நேரம் காட்டணும்?

"அக்கா, குடும்பத்தோட கிரீன் கார்டுல அமெரிக்கா வந்து எட்டு மாசம் ஆச்சு. காலேஜ் சேர்ந்திருக்கேன். டாக்டர் ஆக எம்கேட்ங்கிற நுழைவுத் தேர்வு மார்க் மட்டும் போதுமா? சேவைக்கு எத்தனை மணி நேரம் காட்டணும்?"னு கேட்டிருந்தீங்க.

முதல் கேள்விக்குப் பதில் சின்னது: போதாது. நீட் எழுதி ரேங்க் பார்த்து சீட் எடுக்கிற கதை இங்க இல்ல. முதல்ல ஒரு டிகிரி, அப்புறம் நாலு வருஷ மெடிக்கல் ஸ்கூல், அதுக்கு மேல ரெசிடென்சின்னு ஆஸ்பத்திரியில குறைஞ்சது மூணு வருஷப் பயிற்சி. எம்கேட் மார்க் 472-லிருந்து 528 வரைக்கும். கெமிஸ்ட்ரியும் பயாலஜியும் நம்ம பசங்க ஊதித் தள்ளிடுவாங்க. கவுத்துவிடறது கார்ஸ்ங்கிற வாசிப்புப் பகுதிதான். தினம் ஒரு நீளமான ஆங்கிலக் கட்டுரையை, பிடிக்காத விஷயமா இருந்தாலும், உட்கார்ந்து படிங்க. கிரீன் கார்டு கையில இருக்கிறது பெரிய பலம். விசாவில இருக்கிற பிள்ளைகளுக்குப் பல மெடிக்கல் ஸ்கூல்கள் கதவே திறக்காது.

ரெண்டாவது, தன்னார்வச் சேவை பத்தின கேள்விதான் எனக்கு உறுத்துது. எல்லா மெடிக்கல் ஸ்கூலுக்கும் பொதுவான மணிக்கணக்கு கிடையாது. பெரும்பாலான மெடிக்கல் ஸ்கூல்களுக்கான பொது விண்ணப்பத்தில 15 அனுபவம் வரைக்கும் எழுதலாம், அதில மூணை முக்கியம்னு சொல்லி விரிவா எழுதலாம். பதினஞ்சையும் நிரப்பணும்னு ஊர்ல உள்ள கிளப்புல எல்லாம் பேர் கொடுத்துட்டு அலையாதீங்க. ஒரே இடம், வாரம் ஒரு சாயங்காலம், ரெண்டு வருஷம். அது போதும்.

காலேஜ் படிக்கும்போது நான் சேவைக்குப் போனது இன்சூரன்ஸ் இல்லாதவங்களுக்கான ஒரு இலவச கிளினிக். வேலை என்ன தெரியுமா? நாற்காலி போடறது, படிவம் நிரப்ப உதவறது, பேர் கூப்பிடறது. ஆறு மாசம் அதேதான். சலிப்பாத்தான் இருந்துச்சு, மறைக்கல.

ஒரு நாள் மகனைப் பார்க்க விசிட்டர் விசாவில வந்த ஒரு பாட்டி. தமிழ் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். "மயக்கமா வருதும்மா"ன்னாங்க. நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி, நினைவு தப்பி விழறாங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். அவர் முகம் மாறி, ஆம்புலன்ஸ் கூப்பிடலாமான்னு பேச ஆரம்பிச்சிட்டார். பாட்டிக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் புரிஞ்சுது. மேசை விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு, "விழலம்மா, எழுந்தா கிறுகிறுங்குது"ன்னாங்க. உட்கார வெச்சும் நிக்க வெச்சும் பிரஷர் பார்த்தாங்க, நின்னதும் இறங்குச்சு. பையிலிருந்து ரெண்டு மாத்திரை அட்டை வந்துச்சு. பேர் வேற வேற, உள்ள இருக்கிற மருந்து ஒண்ணே. ரெண்டையும் போட்டுக்கிட்டிருந்தாங்க.

நம்ம மயக்கத்துக்குள்ள தலைசுத்தலும் இருக்கு, நினைவு தப்பறதும் இருக்கு. தமிழ் தெரிஞ்சா மொழிபெயர்க்கத் தெரியும்னு அர்த்தமில்ல. இங்க மருத்துவ மொழிபெயர்ப்புக்குன்னே 40 மணி நேரப் பயிற்சி இருக்கு. அடுத்த கோடையில அதைத்தான் முடிச்சேன். உங்களையும் "தமிழ் தெரியுமா, கொஞ்சம் வாங்க"ன்னு கூப்பிடுவாங்க. பயிற்சி இல்லேன்னா, போன்ல பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடச் சொல்லுங்க. மாணவிதானே, எப்படி மறுக்கறதுன்னு கூச்சப்படாதீங்க. ஊசி, மருந்து விஷயத்திலயும் இதே கதைதான்: கத்துக் கொடுக்காததைத் தொடாதீங்க.

மெடிக்கல் ஸ்கூல் நேர்காணல்ல அந்த மாத்திரை அட்டையைப் பத்தித்தான் ரொம்ப நேரம் பேசினாங்க. மணிக்கணக்கை யாரும் கேட்கல.

கிளினிக்குக்கு மெயில் போடறதுக்கு முன்னாடி தடுப்பூசி அட்டையை ஊர்லேர்ந்து வரவழைச்சு வையுங்க. அதையும் காசநோய்ப் பரிசோதனையையும் பெரும்பாலும் கேட்பாங்க. சின்ன வயசுல பிசிஜிங்கிற காசநோய்த் தடுப்பூசி போட்டிருந்தா தோல்ல ஊசி போட்டுப் பார்க்கிற சோதனை வீங்கிக் காட்டலாம். ரத்தத்தில செய்யற சோதனை கிடைக்குமான்னு கேளுங்க. அது தெரியாம எனக்கு ஒரு மாசம் போச்சு.