ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக்கில் முன் ஷாக்கை இறக்கினால் கால் தரையில் எட்டுமா? என் உயரம் 5 அடி 3 அங்குலம்.

எட்டாது. நானும் உங்கள் உயரம்தான், வண்டியும் அதேதான். செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எங்கள் தெரு மெக்கானிக் முன் ஷாக்கின் இரண்டு குழாய்களையும், அதாவது ஃபோர்க்குகளை, அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்புக்குள் 20 மில்லிமீட்டர் மேலே ஏற்றி இறுக்கிக் கொடுத்தார். குழாய் மேலே ஏறினால் வண்டியின் முன்பக்கம் அந்த அளவுக்குக் கீழே இறங்கும். ஏறி உட்கார்ந்தால் பழையபடி விரல் நுனிதான் தரையில் பட்டது. முன்பக்கம் இறங்கும்போது பின்சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, சீட்டோ அதற்குப் பக்கத்தில். அதனால் முன்னால் 20 இறங்கினாலும் சீட்டில் 7, 8 மில்லிமீட்டர்தான் குறையும். 823 மில்லிமீட்டர் உயர சீட்டுக்கு இது எந்த மூலைக்கு?

ஆனால் வண்டி ஓடும் விதம் மாறிவிட்டது. சக்கரங்களுக்கு இடையே 1410 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் ஃபோர்க்கின் சாய்வு ஏறத்தாழ 0.8 டிகிரி நிமிர்கிறது, கூடவே டிரெயிலும், அதாவது முன்சக்கரத்தை நேராக ஓட வைக்கும் அளவும், குறைகிறது. ஊருக்குள் ஹேண்டில் லேசாகத் திரும்பியது, பிடித்தும் இருந்தது. திண்டிவனம் தாண்டி 85 வேகத்தில் ஒரு பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கியதும் ஹேண்டில் வெடவெடவென்று ஆடியது. பின்னால் மனைவி. சில விநாடிகள்தான், இப்போது நினைத்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது. மறுநாளே பழைய அளவுக்கு மாற்றிவிட்டேன்.

முதலில் சீட்டைக் கவனியுங்கள். நல்ல சீட் கடையில் ஃபோமை 25 மில்லிமீட்டர் செதுக்கி, முன்பகுதியைக் குறுகலாக்கித் தரச் சொல்லுங்கள். எனக்குப் பாதத்தின் முன்பாதி ஊன்றியது அதற்கப்புறம்தான். போதவில்லை என்றால் பின் ஷாக்கின் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைத்திருக்கும் அளவை, குறைக்கலாம். பின்பக்கம் தாழ்ந்தால் மட்டும் முன்னாலும் 10 மில்லிமீட்டர் இறக்குங்கள்.

அதைச் செய்யும்போது எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, ஒவ்வொரு ஃபோர்க்காகத் தளர்த்துங்கள். இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்து அளந்து ஒரே அளவில் நிறுத்த வேண்டும். கிளாம்பு போல்ட்டை டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) போட்டு, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கே இறுக்குங்கள். ஃபோர்க் முழுதாக அமுங்கும்போது டயர் மேலே எதிலும் இடிக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஸ்பிரிங்கை வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

அப்புறம், இரண்டு பக்கமும் தாழ்ந்தால் சைடு ஸ்டாண்டில் வண்டி நேராக நிற்கும், லேசாகத் தட்டினாலே மறுபக்கம் சாயும். ஸ்டாண்டையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.