அமெரிக்க ஃபுட்பால் டிராஃப்டின் கடைசிச் சுற்றில் ஒரு புதுமுகக் குவாட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவரை, எடுப்பது வீணா? ரசிகர்கள் இதற்காக ஏன் இவ்வளவு அடித்துக்கொள்கிறார்கள்?

நானும் அந்தச் சண்டையில் இருந்தவன். தப்பான பக்கத்தில் நின்று கத்தியவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் இருப்பது கலிஃபோர்னியாவில், சன்னிவேலில். ஃபார்ட்டி நைனர்ஸ் அணியின் லெவைஸ் ஸ்டேடியம் பக்கத்து ஊரான சான்டா கிளாராவில் இருக்கிறது. வேலைக்கு வந்த புதிதில் எனக்கு அமெரிக்க ஃபுட்பால் ஒன்றும் புரியவில்லை. திங்கட்கிழமை காலையில் ஆபீஸில் எல்லோரும் எதற்கு இவ்வளவு ஆவேசமாகப் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் பார்க்க ஆரம்பித்தேன். 2011 சீசன் முடிவதற்குள், அணி தோற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சாப்பாடு இறங்காத நிலை வந்துவிட்டது.

டிராஃப்ட் பற்றித் தெரியாதவர்களுக்கு: இது ஐபிஎல் ஏலம் போல இல்லை, இங்கே யாரும் விலை கேட்பதில்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் 32 அணிகளும் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசைப்படி, ஏழு சுற்றுகளில் எடுத்துக்கொள்ளும். முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு வரிசையில் முன்னிடம். அந்த இடத்தை வேறு அணியோடு பண்டமாற்றும் செய்துகொள்ளலாம். 2022-ல் மொத்தம் 262 இடங்கள். கடைசி இடமான 262 எங்கள் அணியிடம் இருந்தது. அதில் அவர்கள் எடுத்தது அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக், ப்ராக் பர்டி.

கடைசியாக எடுக்கப்படுபவருக்கு 'மிஸ்டர் இர்ரெலவன்ட்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. கணக்கில் சேராதவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1976-ல் பால் சலாட்டா என்பவர் தொடங்கிய வழக்கம் இது. நியூபோர்ட் பீச் என்ற கடற்கரை ஊருக்கு அந்தப் பையனை அழைத்துப்போய் ஒரு வாரம் விருந்து வைத்து, பந்தைக் கைநழுவ விடும் ஆட்டக்காரரின் உருவம் கொண்ட கோப்பை ஒன்றைக் கொடுப்பார்கள். சலாட்டாவே ஒரு காலத்தில் ஃபார்ட்டி நைனர்ஸுக்கு ஆடியவர்தான்.

சரி, இதில் சண்டை எங்கே வந்தது? உண்மையில் நாங்கள் யாரும் பர்டியைப் பற்றிச் சண்டை போடவில்லை. முந்தைய ஆண்டு பட்ட காயத்தைப் பற்றித்தான் போட்டோம். 2021-ல் வரிசையில் மூன்றாவது இடத்துக்கு ஏறுவதற்காக எங்கள் அணி மயாமி டால்ஃபின்ஸுக்கு மூன்று முதல் சுற்று இடங்களையும் ஒரு மூன்றாம் சுற்று இடத்தையும் கொடுத்தது. அப்படி எடுத்தவர் ட்ரே லான்ஸ். நல்ல பலசாலி, ஓடுவார், பந்தை எங்கே வேண்டுமானாலும் எறிவார். ஆனால் கல்லூரியில் அவர் தொடக்கத்திலிருந்தே இறங்கி ஆடிய ஆட்டங்கள் வெறும் 17. அந்த வியாபாரத்தால் 2022-ல் எங்களுக்கு முதல் சுற்றே இல்லை. இப்படிக் கையில் இருந்ததையெல்லாம் ஒரு குவாட்டர்பேக்குக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் கடைசி இடத்தையும் இன்னொரு குவாட்டர்பேக்குக்குக் கொடுப்பதா என்பதுதான் என் கோபம். முன்வரிசைத் தடுப்பாட்டக்காரர் ஒருவரை எடுத்திருக்கலாம் என்று திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு மேசையில் அடித்துப் பேசினேன்.

எங்கள் குழுவில் ஒரு கோயம்புத்தூர்ப் பையன் உண்டு. அயோவா ஸ்டேட் இருக்கும் ஏம்ஸ் ஊரில் எம்.எஸ். படித்தவன். எல்லோரும் பேசி முடிக்கும் வரை பொறுமையாக இருந்துவிட்டுச் சொன்னான்: "அண்ணா, ரெண்டு வருஷம் இவன் ஆடினதை நான் நேர்ல பாத்திருக்கேன். முதல் வருஷம் டீம்ல இவன் மூணாவது ஆளு. முன்னாடி இருந்த ரெண்டு பேரும் சரியா வராம, ஓக்லஹோமா ஸ்டேட் மேட்ச்ல பாதியில இறக்கினாங்க. அதுக்கப்புறம் அந்த இடத்தை யாருக்கும் விட்டுக் குடுக்கல." 2018 அக்டோபரில் நடந்த அந்த ஆட்டத்தை அயோவா ஸ்டேட் 48-42 என்று ஜெயித்தது. நான்கு ஆண்டுகளில் பர்டி ஆடியது 48 ஆட்டங்கள். அயோவா ஸ்டேட் பெரிய பெயர் பெற்ற அணி கிடையாது. அந்த அணியோடு ஃபியஸ்டா பௌல் என்ற பெரிய கல்லூரி ஆட்டத்தில் ஆரிகன் அணியைத் தோற்கடித்தவர். இதையெல்லாம் அவன் சொன்னான். நான் காதில் வாங்கவில்லை. உயரம் போதாது, கை வலு சுமார் என்று ஆய்வாளர்கள் எழுதியதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் சீசனுக்கான 53 பேர் பட்டியலை இறுதி செய்யும்போது, அனுபவசாலியான நேட் சட்ஃபெல்டை விடுவித்துவிட்டு பர்டியை மூன்றாவது குவாட்டர்பேக்காக வைத்துக்கொண்டார்கள். அது என்னை யோசிக்க வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

செப்டம்பரில் இரண்டாவது வாரமே லான்ஸின் கணுக்கால் உடைந்தது. முன்பு எங்கள் முதன்மைக் குவாட்டர்பேக்காக இருந்த ஜிம்மி கரோப்போலோ திரும்பி வந்தார். டிசம்பர் 4, டால்ஃபின்ஸ் ஆட்டம். நானும் கோயம்புத்தூர்த் தம்பியும் ஸ்டேடியத்தில் இருந்தோம். மயாமியின் முதல் பந்தே 75 கெஜம் போய் எங்கள் எல்லைக்கோட்டைத் தாண்டி டச் டவுன், ஆறு புள்ளி. அடுத்து நாங்கள் ஆடும்போது கரோப்போலோ கீழே விழுந்தார், பாதத்தில் முறிவு. பர்டியின் 13-ஆம் எண் சட்டை மைதானத்துக்குள் நடந்து வந்தது. அவ்வளவு பெரிய ஸ்டேடியத்தில் அப்படியொரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எதிரே ஆடிக்கொண்டிருந்த டைரீக் ஹில், லான்ஸுக்காக நாங்கள் கொடுத்த முதல் சுற்று இடங்களில் ஒன்றையும் வைத்து மயாமி வாங்கியவர். அது வேறு மனதை அறுத்தது.

பர்டி எறிந்த முதல் சில பந்துகளிலேயே ஒன்று கண்ணில் பட்டது. இவர் காத்திருக்கவில்லை. ஆள் தனியாக நிற்பதைப் பார்த்துவிட்டு எறிபவர்கள் ஒரு ரகம், அந்த ஆள் திரும்புவதற்கு முன்பே, திரும்பப்போகும் இடத்துக்கு எறிபவர்கள் இன்னொரு ரகம். இவர் இரண்டாவது ரகம். எதிரணி ஆட்கள் முகத்துக்கு நேரே பாய்ந்து வரும்போதும் கால் பின்வாங்கவில்லை. எங்கள் ஆட்டக்காரர்கள் யூஸ்செக்குக்கு ஒன்று, மெக்கஃப்ரிக்கு ஒன்று என்று எறிந்து இரண்டு டச் டவுன். 33-17 என்று ஜெயித்தோம். மூன்றாம் காலாண்டில் தம்பி என் தோளைப் பிடித்துக்கொண்டான், விடவே இல்லை. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் "நீ சொன்னது சரிடா" என்றேன்.

அடுத்த ஞாயிறு எதிரணியில் டாம் ப்ரேடி வந்தார், இந்த ஆட்டத்தின் தலைசிறந்த குவாட்டர்பேக் என்று பலர் சொல்பவர். ஃபார்ட்டி நைனர்ஸ் ரசிகர்களுக்கு ப்ரேடி என்ற பெயர் ஒரு பழைய வலி. சான் மடேயோவில் பிறந்து, இந்த அணியின் ரசிகராகவே வளர்ந்தவர். 2000-ஆம் ஆண்டு டிராஃப்டில் எங்கள் அணி மூன்றாம் சுற்றில் ஜியோவானி கர்மாட்ஸி என்ற குவாட்டர்பேக்கை எடுத்தது. அவர் ஒரு சீசன் ஆட்டம்கூட ஆடவில்லை. ப்ரேடியை 199-வதாக நியூ இங்கிலாந்து எடுத்துக்கொண்டது. அன்று பர்டி நான்கு மாதக் குழந்தை. 22 வருஷம் கழித்து, 45 வயது ப்ரேடிக்கு எதிராக பர்டி முதல்முறையாகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 35-7 என்று ஜெயித்தார். பார்வையாளர் வரிசையில் அவருடைய அப்பா அழுததை டிவியில் காட்டினார்கள். என் வீட்டிலும் கண் நனைந்தது.

இதைச் சொன்னதும் "அப்போ எங்க டீம் எடுத்தவனும் அடுத்த பர்டிதான்" என்று கிளம்பிவிடாதீர்கள். அதுவும் நான் அன்று செய்ததைப் போன்ற தப்புதான். கடைசிச் சுற்றுகளில் வரும் குவாட்டர்பேக்குகளில் பெரும்பாலானவர்கள் ஒரு ஆட்டம்கூடத் தொடங்காமலே போய்விடுகிறார்கள். ஆனால் நான் கேட்ட தடுப்பாட்டக்காரரின் கதையும் அதேதான். 262-வது இடத்தில் எடுக்கும் எந்த ஆளும் 53 பேரில் நிலைப்பது கஷ்டம். அங்கே இழப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. கிடைத்தால் ஆட்டத்தில் எந்தப் பொறுப்புக்கு ஆள் கிடைப்பது அணிக்கு அதிக லாபம் என்றுதான் பார்க்க வேண்டும். இன்னொன்று, டிராஃப்ட் முடிந்த நிமிடத்திலிருந்து எடுக்கப்படாத பையன்கள் தங்களுக்குப் பிடித்த அணியோடு பேசிக்கொள்ளலாம். மூன்று குவாட்டர்பேக் இருக்கும் இடத்துக்கு அவர்கள் ஏன் வரப்போகிறார்கள்? கடைசி இடத்தைச் செலவழித்தால்தான் அந்தப் பையன் உங்களுடையவன்.

லாபம் என்று சொன்னேனே, அதைப் பணத்திலும் பார்க்கலாம். 2023-ல் பர்டி 4,280 கெஜம் எறிந்து அணியின் சாதனையை முறியடித்தார். அந்த ஆண்டு அவர் சம்பளம் 8,70,000 டாலர். புதுமுக ஒப்பந்தத்தை மூன்று சீசன் முடியும் வரை திருத்த முடியாது என்பது லீக் விதி. பர்டி அப்போது, தன்னோடு அதே டிராஃப்டில் 187-வதாக வந்த தடுப்பாட்டக்காரர் நிக் ஸாக்கெலோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டு இருந்தார். குவாட்டர்பேக்குக்குக் கொடுக்காத பணத்தை அணி மற்ற ஆட்டக்காரர்கள் மேல் போட முடிந்தது, லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் வரை போனது. அது நடந்தது லாஸ் வேகஸில், டிராஃப்டில் பர்டியின் பெயரைக் கடைசியாகப் படித்த அதே ஊரில். கன்சாஸ் சிட்டியிடம் கூடுதல் நேரத்தில் 25-22 என்று தோற்றோம். அந்த இரவைப் பற்றி எழுத இன்னும் மனசு வரவில்லை. 2025-ல் ஐந்து ஆண்டுகளுக்கு 265 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். அந்த வசந்தத்திலேயே எங்கள் முக்கிய ஆட்டக்காரர்கள் டீபோ சாமுவேல், க்ரீன்லா, ஹுஃபங்கா எல்லோரும் வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள். மலிவான குவாட்டர்பேக் இருந்த காலம் முடிந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஷானஹான் என்ற கோச் இல்லாவிட்டால், மெக்கஃப்ரி, கிட்டில் போன்ற ஆட்டக்காரர்கள் இல்லாவிட்டால் பர்டி யார் என்று இப்போதும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதே கோச்சின் கீழ்தான் லான்ஸும் இருந்தார், 2023 ஆகஸ்டில் அவரை ஒரு நான்காம் சுற்று இடத்துக்கு டாலஸுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. லான்ஸை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆடிப் பழக வேண்டிய வயதில் அவருக்கு ஆட்டமே கிடைக்கவில்லை, கிடைத்தபோது கால் உடைந்தது.

உங்கள் அணியும் கடைசிச் சுற்றில் ஒரு குவாட்டர்பேக்கை எடுத்திருந்தால், அந்தப் பையனைப் பொறுத்தவரை, கல்லூரியில் எத்தனை ஆட்டம் தொடங்கினார் என்று முதலில் பாருங்கள். கை வலுவை விட அது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அப்புறம் ஆகஸ்ட் பயிற்சி ஆட்டங்களின் கடைசிக் காலாண்டில், பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, அவரை இறக்குவார்கள். அதைத் தவறவிடாதீர்கள். பந்து எவ்வளவு தூரம் போகிறது என்பதை விட்டுவிட்டு, கையிலிருந்து எப்போது கிளம்புகிறது என்று கவனியுங்கள். பட்டியலை இறுதி செய்யும் நாளில் அவரை விடுவித்தால் மற்ற 31 அணிகளில் எது வேண்டுமானாலும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்த அபாயத்தை எடுக்காமல் 53 பேருக்குள் வைத்துக்கொண்டார்கள் என்றால், கோச்சுகள் எதையோ பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

2025 டிராஃப்டில் எங்கள் அணி ஏழாம் சுற்றில், 227-வதாக, இண்டியானா பல்கலைக்கழகத்தின் கர்ட்டிஸ் ரூர்க்கை எடுத்தது. முழங்கால் தசைநார் கிழிந்த நிலையிலேயே முந்தைய சீசனில் ஆடி, அந்த அணியை 11 வெற்றி வரை கொண்டுபோனவர். அறுவை சிகிச்சை முடிந்து நடந்து பழகும் ஆளை எடுப்பதா என்று மறுபடியும் அதே சண்டை. தம்பி இப்போது சியாட்டிலில் இருக்கிறான். அன்று மாலையே போன் செய்து "அண்ணா, இந்தத் தடவை என்ன சொல்றீங்க?" என்று கேட்டான். நான் மடிக்கணினியில் அவருடைய இண்டியானா ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது ஆட்டத்தில் இருக்கிறேன், முடித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றேன்.