ஏழரை போட்டும் ஏறாத தண்ணி

அண்ணா வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு. ஆத்தோரக் கிணத்துல இருந்து அரை கிலோமீட்டர் ரெண்டு இஞ்சு பைப்புல சொட்டுநீருக்கு தண்ணி வருது. கடைசி வரிசைக்கு எட்டலன்னு 5 ஹெச்பிய கழட்டிட்டு 7.5 போட்டோம், பெருசா ஒன்னும் மாறல. நான் மெக்கானிக்கல் படிக்கிறேன். ஒவ்வொரு பாகத்தையும் பெஸ்ட்டா போட்டா மொத்தமும் பெஸ்ட்டா வரணும்ல?

தம்பி,

வராது. உங்க பைப்பே அதுக்கு சாட்சி. தண்ணிய கூட்டுனா பைப்புக்குள்ள உரசல் அதே அளவுல கூடாது, கிட்டத்தட்ட வர்க்கமா கூடும், தண்ணி டபுள்னா உரசல் நாலு மடங்கு. மேடு ஏத்துறது கம்மி, உரசல்தான் பெரும்பங்குன்னா மோட்டார் பவர் ஒன்னரை மடங்கு ஆனாலும் தண்ணி 15 சதவீதத்துக்கு மேல ஏறறது கஷ்டம். அதுக்கு பதிலா பைப்ப ரெண்டரை இஞ்சு ஆக்கியிருந்தா, விட்டம் கிட்டத்தட்ட அஞ்சாவது அடுக்குல வேலை செய்யும், அதே தண்ணிக்கு உரசல் மூணுல ஒரு பங்குதான். பழைய மோட்டாரே போதும்னு கூட ஆகியிருக்கலாம்.

அப்ப ஏன் எல்லாரும் மோட்டார மட்டும் பெருசாக்கறாங்க? விவசாய கரண்ட் ஃப்ரீ. உரசல்ல போற யூனிட்டுக்கு நாம பைசா கட்டறதில்ல, பைப்புக்கு மட்டும் கட்டறோம், அதனால நம்ம கணக்குல ஒல்லி பைப்பும் குண்டு மோட்டாரும் ஜெயிக்குது, அதே டிசைன ஈபி கணக்குல போட்டா தோத்துடும். எத குறைக்கணும், அது யார் செலவுன்னு முடிவு பண்ணாம ஆப்டிமைசேஷன், அதாவது இருக்கறதுல பெஸ்ட்ட தேடறதுன்னு பேசறதே வெட்டிப் பேச்சுன்னு நெனக்கறேன் (உங்க வாத்தியார் கோச்சுக்கலாம்).

எத குறைக்கணும்ங்கறது மட்டும் இல்ல, எத தாண்டக்கூடாதுங்கறதும் விடைய மாத்திடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் இருக்கில்ல, 2013ல திறந்தது, ஜப்பான் கடன்ல கட்டுனது. செலவ மட்டும் பாத்தா ஊருக்கு ஊர் போர் போட்டு டேங்க் கட்டறதுதான் சீப். ஆனா நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் நிலத்தடி தண்ணில பல்லையும் எலும்பையும் கெடுக்கற ஃபுளோரைடு இருக்கு, அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டக்கூடாதுன்னு ஒரு கோடு போட்ட உடனே எத்தனையோ போர் கணக்குலயே வராம போயிடும், அப்புறம் எவ்வளவு கரண்ட் ஆனாலும் காவேரிய மேல தூக்கித்தான் ஆகணும்.

மொதல்ல கோடையில உங்க கிணத்துல மணிக்கு எவ்வளவு ஊறுதுன்னு அளந்து பாருங்க. அதுவே கம்மின்னா பைப்ப மாத்தியும் புண்ணியமில்ல. ஊறுதுன்னா கடைசி வரிசைல ஒரு பிரஷர் கேஜ் மாட்டி எவ்வளவு காட்டுதுன்னு எழுதுங்க, பைப்ப பத்தி அப்புறம் பேசலாம்.