அமெரிக்க அதிபரின் மன்னிப்பு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்க அதிபர் வழங்கும் மன்னிப்பைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். கட்சிச் சண்டை மட்டும் வேண்டாம். இந்த அதிகாரத்தில் இரு கட்சியினரும் கை நனைத்தவர்கள்தான்.

கேள்வி: வழக்கே போடாத குற்றத்துக்கு எப்படி ஐயா மன்னிப்பு தர முடியும்?

குற்றம் நடந்து முடிந்திருந்தால் போதும், வழக்கு தேவையில்லை. 1867இல் கார்லண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்துவிட்டது. வாட்டர்கேட் ஊழலால் பதவி விலகிய அதிபர் நிக்சனுக்கு, அடுத்து அதிபரான ஃபோர்டு தந்த மன்னிப்பு 1969 ஜனவரி 20 முதல் 1974 ஆகஸ்ட் 9 வரை அவர் செய்த, செய்திருக்கக்கூடிய கூட்டாட்சிக் குற்றங்கள் (அதாவது மாநிலச் சட்டப்படி அல்லாமல் மத்திய அரசின் சட்டப்படியான குற்றங்கள்) அனைத்துக்கும் பொருந்தியது. பைடன் தம் மகனுக்குத் தந்ததும் அதே வார்ப்புதான். அது 2014 ஜனவரி முதல் 2024 டிசம்பர் 1 வரை ஏறத்தாழ பதினோரு ஆண்டுகளை மூடியது. இனி செய்யப்போகும் குற்றத்துக்கு மட்டும் முன்பணம்போல் மன்னிப்பு தர முடியாது.

கேள்வி: நிக்சனை மன்னித்ததால்தான் ஃபோர்டு தேர்தலில் தோற்றாரா?

அதுவும் ஒரு காரணம். பொருளாதாரமும் அவர் காலை வாரியது. 1974 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பதவிக்கு வந்து ஒரு மாதம்கூட முடியாத நிலையில் ஃபோர்டு மன்னிப்பை அறிவித்தார். அவருடைய பத்திரிகைச் செயலர் டெர்ஹார்ஸ்ட் அன்றே ராஜினாமா செய்தார். ஆகஸ்டில் 71 சதவீதமாக இருந்த மக்கள் ஆதரவு, செப்டம்பர் இறுதியில் கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 50 சதவீதமாகச் சரிந்தது. பதவிக்கு ஈடாக மன்னிப்பு என்று பேரம் நடந்ததா? இந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல அக்டோபரில் அவரே பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு முன் போய் உட்கார்ந்து, பேரம் எதுவும் இல்லை என்றார். நவம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அவர் கட்சி பலத்த அடி வாங்கியது. 1976இல் கார்ட்டரிடம் அவரே தோற்றார்.

என் கருத்தைக் கேட்டால், முடிவு சரி, அவசரம் தவறு. குற்றப்பத்திரிகை வரும்வரையாவது பொறுத்திருந்தால், நிக்சன் மீது என்னென்ன குற்றச்சாட்டுகள் என்பது நீதிமன்றப் பதிவிலாவது நின்றிருக்கும்.

கேள்வி: மன்னிப்பை ஏற்றுக்கொண்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமா?

ஃபோர்டு அப்படித்தான் நம்பினார். 1915இல் வந்த பர்டிக் வழக்குத் தீர்ப்பின் ஒரு பகுதியைப் பணப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார் மனிதர். பர்டிக் ஒரு நாளிதழ் ஆசிரியர். செய்தி எங்கிருந்து வந்தது என்று சொல்ல மறுத்தவரின் வாயைத் திறக்கவைக்க, அதிபர் வில்சன் கேட்காமலேயே மன்னிப்பு கொடுத்தார். பர்டிக் வாங்க மறுத்தார். மறுக்க உரிமை உண்டு என்பதுதான் தீர்ப்பு. ஏற்பது ஒப்புதலுக்குச் சமம் என்றது போகிற போக்கில் சொன்ன வரி. அது கட்டுப்படுத்தாது என்று 2021இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றமும் கூறிவிட்டது.

கேள்வி: அப்படியானால் கூட்டாளிகளின் வாயை அடைக்க மன்னிப்பு உதவுமே, சார்?

சட்டப்படி நேர்மாறு. தண்டனைப் பயம் போய்விட்டால், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லாமலிருக்கும் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்த உரிமையும் அந்த விஷயத்தில் போய்விடும். நாடாளுமன்றக் குழு அழைத்தால் பேசியாக வேண்டும்; பொய் சொன்னால் அது புதுக் குற்றம். மாநில வழக்கு வரக்கூடுமென்றால் மட்டும் மௌனத்துக்குக் கொஞ்சம் இடம் மிஞ்சும்.

கேள்வி: மாநில வழக்கை அதிபர் தொட முடியாதா?

முடியாது. எல்லைச் சுவர் கட்ட என்று வசூலித்த நன்கொடையில் மோசடி என்ற விவகாரத்தில், தம் முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பேனனை 2021இல் டிரம்ப் மன்னித்தார். அதே விவகாரத்தை நியூயார்க் மாநிலம் 2022இல் கையிலெடுத்தது. 2025 பிப்ரவரியில் பேனன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நஷ்டஈடு கேட்கும் உரிமையியல் வழக்குகளையும் மன்னிப்பு தடுக்காது.

கேள்வி: தனக்குத்தானே மன்னிப்பு?

எவரும் முயன்றதில்லை, எந்த நீதிமன்றமும் தீர்ப்பு சொன்னதில்லை. நிக்சன் விலகுவதற்குச் சில நாள் முன்பு, கூடாது என்று அரசின் நீதி அமைச்சகம் ஒரு குறிப்பு எழுதியது. அவ்வளவுதான்.

கேள்வி: பதவி முடியும் நேரத்தில்தான் இதெல்லாம் நடக்கிறது. கேட்க ஆளே இல்லையா?

வாக்காளர் தண்டிக்க முடியாத நேரம் அதுதானே! மூத்த புஷ் தோற்ற பிறகு, 1992 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரத்தில் விசாரணைக்குக் காத்திருந்த முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் வைன்பெர்கர் உட்பட ஆறு பேரை மன்னித்தார். கிளின்டன் 2001இல் பதவியின் கடைசி நாளில், வெளிநாட்டில் தலைமறைவாக இருந்த கோடீஸ்வரர் மார்க் ரிச்சை மன்னித்தார். ரிச்சின் முன்னாள் மனைவி கிளின்டன் கட்சிக்குப் பெரும் நன்கொடையாளர் என்பதால் விசாரணைகள் நடந்தன; வழக்கு எதுவும் வரவில்லை. இரண்டாம் முறை அதிபரான டிரம்ப் கடைசி நேரம்வரை காத்திருக்கவில்லை. 2025இல் பதவியேற்ற அன்றே, 2021இல் நடந்த நாடாளுமன்றக் கட்டடத் தாக்குதல் வழக்குகளில் சிக்கிய ஏறத்தாழ 1,500 பேருக்கு நிவாரணம் தந்துவிட்டார்.

கொடுத்த மன்னிப்பைத் திரும்பப் பெற நாடாளுமன்றத்துக்கு வழியில்லை. லஞ்சம் வாங்கிக் கொடுத்தால் குற்றம் என்று வாதிடலாம். ஆனால் 2024இல் உச்ச நீதிமன்றம் அதிபரின் அடிப்படை அதிகாரங்களுக்குக் குற்ற வழக்கிலிருந்து முழு விலக்கு அளித்த பிறகு அதை நிரூபிப்பது மலையைப் பிளக்கும் வேலை. அரசியல் சட்டத்தைத் திருத்தலாம் என்றால், இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் 38 மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். தங்கள் கட்சிக்காரர் அதிபராக இருக்கும்போது அதற்குக் கை தூக்க எந்தக் கட்சியும் முன்வராது.