பீடியே பிடிக்காத அம்மாவுக்கு ஏன் இந்த இளைப்பு?

கேள்வி: அம்மாவுக்கு 57 வயது. ஆலங்குளம் பக்கம் கிராமம். முப்பது வருடமாகப் பீடி சுற்றுகிறார். ஒன்றைக்கூட வாயில் வைத்ததில்லை. போன வருடம் வரை விறகடுப்புதான். இரண்டு வருடமாக இருமலும் சளியும். இப்போது குடத்தைத் தூக்கி நாலு எட்டு வைத்தாலே மேல்மூச்சு வாங்குகிறது. சாரல் காலத்தில் இன்னும் மோசம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தும், ‘பழகிவிடும்’ என்று தொட மறுக்கிறார்.

பதில்: வாயில் வைக்காதவர் என்பதாலேயே இந்த நோயை யாரும் சந்தேகப்படுவதில்லை. அடுப்படியில் ஊதுகுழலோடு குனிந்த வருடங்களை எண்ணிப் பாருங்கள். விறகுப் புகையும் நுரையீரலைக் கெடுக்கும். போதாததற்கு, மடியிலிருக்கும் சுளகிலிருந்து புகையிலைத் தூள் நேரே மூக்குக்கு ஏறுகிறது. சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாக இருக்கலாம். மூச்சுக்குழல்கள் சுருங்கிப்போய், இழுத்த காற்று முழுதாக வெளியேறாது. பழைய காற்று தங்கினால் புதுக்காற்றுக்கு ஏது இடம்?

ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரிதான் வேண்டும். மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், மூச்சை நிறைய இழுத்து வேகமாக ஊதும் மொத்தக் காற்றில் முதல் நொடியில் வருவது 70 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அடைப்பு உண்டு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோய்ப் பிரிவில் காட்டுங்கள். டிபிக்குச் சளி, ரத்த சோகைக்கு ரத்தம், இதயத்துக்கு ஈசிஜி ஆகியவற்றையும் கையோடு பார்த்துவிடலாம்.

சரி, இன்ஹேலர். சால்பியூட்டமால் இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதே மருந்து 4 மில்லிகிராம் மாத்திரையில் 40 மடங்கு! மாத்திரையைத் தயங்காமல் விழுங்குபவர்கள் இதற்குப் பயப்படுவதுதான் வேடிக்கை. இது பழகிப்போகிற மருந்தே இல்லை. ஆனால் இழுக்கும் விதம் முக்கியம். என் எதிரே இழுத்துக் காட்டச் சொன்னால், பாதிப் பேருக்கு மருந்து கடைவாய் வழியாகப் புகையாகப் போய்விடும். கருவியில் போட்டு இழுக்க வேண்டிய தூள் மருந்து கேப்சூலை விழுங்கிவிட்டு வந்தவர்களும் உண்டு. இன்ஹேலரோடு மாட்டும் ஸ்பேசர் என்கிற குழாயை வாங்கிக் கொடுங்கள். மூச்சை நன்றாக வெளியே விட்டு, உதட்டால் கவ்வி, இன்ஹேலரை அழுத்தி, மெல்ல இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு சேர்ந்த இன்ஹேலர் என்றால் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும்.

போன நுரையீரல் திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம். அப்புறம், பீடி சுற்றுவதை விடச் சொல்வது எனக்குச் சுலபம், உங்கள் வீட்டு வரவு செலவு எனக்குத் தெரியாது. விட முடியாதென்றால் திண்ணையில் உட்கார்ந்து, மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு சுற்றட்டும். தூள் மூட்டை படுக்கிற அறையில் வேண்டாம். வருடம் ஒருமுறை ஃப்ளூ தடுப்பூசி, கூடவே நிமோனியா தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். தினமும் கொஞ்சம் நடக்கட்டும். இளைத்தால் நின்று, சூடான காபியை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து மூச்சை விடட்டும்.

சளி பச்சையாகி இளைப்பும் கூடினால் மறுநாளே மருத்துவரிடம் போங்கள். பேச்சை முடிக்க முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, எழுப்பினாலும் தூங்கி வழிந்தாலோ, விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.