யோகா வகுப்புக்கு முன்னால் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்துவிட்டு திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் எச்.ஆரில் இருக்கிறேன். அறுநூறு பேர் வேலை செய்கிறோம், முக்கால்வாசி பெண்கள். எங்களிடம் ஆடை வாங்கும் பையர் தரப்பில் கேட்கிறார்கள் என்று ஊழியர்களின் உடல்நலத்துக்கான ‘வெல்னஸ் புரோகிராம்’ ஒன்றை ஆரம்பிக்கும் பொறுப்பை மேனேஜ்மென்ட் என்னிடம் கொடுத்திருக்கிறது. வாரம் ஒரு யோகா வகுப்பு, மூன்று மாதத்துக்கு ஒரு மருத்துவ முகாம், நடந்தால் பாயின்ட் தரும் செயலி என்று ஓர் ஏஜென்சி கொட்டேஷன் தந்திருக்கிறது. பலன் இருக்குமா? எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. இதையே தொழிலாக எடுத்தால் எதிர்காலம் உண்டா, என்ன படிக்கலாம்? முகாமில் யார் யாருக்கு பி.பி., சுகர் என்ற பட்டியலை மேனேஜர் இப்போதே கேட்கிறார். கொடுக்கலாமா?

(பெயர் வேண்டாம் அக்கா)
திருப்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

கொட்டேஷனுக்கு இன்னும் சரி சொல்லவில்லை என்றால் ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். காரணம் இருக்கிறது.

2010இல் கேத்தரின் பெய்க்கர், டேவிட் கட்லர், ஸிருய் சாங் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்து, இந்த மாதிரித் திட்டங்களில் ஒரு டாலர் போட்டால் மருத்துவச் செலவில் சுமார் 3.27 டாலர் மிச்சமாகிறது என்று எழுதினார்கள். இந்தத் துறையில் விற்க வருகிறவர்கள் காட்டும் கணக்கெல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். ஆனால் பெய்க்கரும் சாங்கும் அதோடு விட்டுவிடவில்லை. பி.ஜேஸ் என்ற அமெரிக்கக் கடைத்தொடரின் 160 கிளைகளில் 20ஐக் குலுக்கல் முறையில் எடுத்து, அங்கே மட்டும் உணவு, உடற்பயிற்சி, மன அழுத்தம் பற்றிய வகுப்புகளை நடத்த வைத்து, மற்ற கிளைகளோடு ஒப்பிட்டார்கள். மொத்தம் சுமார் 33,000 ஊழியர்கள். 18 மாதம் ஆன பிறகு, வகுப்பு நடந்த கிளைகளில் உடற்பயிற்சி செய்வதாகவும் எடையைக் கவனிப்பதாகவும் சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, மருத்துவச் செலவு, லீவு போட்ட நாட்கள் எதிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இதை 2019இல் வெளியிட்டார்கள். தாங்களே எழுதிய நல்ல செய்தியைத் தாங்களே இவ்வளவு கறாராகச் சோதித்துப் பார்த்ததற்காக அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

அப்படியானால் முந்தைய ஆய்வுகளில் பலன் தெரிந்தது எப்படி? அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய இன்னொரு சோதனை இதைத் தெளிவாக்கியது. வகுப்பில் சேர்ந்தவர்களைச் சேராதவர்களோடு ஒப்பிட்டால், சேர்ந்தவர்கள்தான் ஜிம்முக்கு அதிகம் போகிறார்கள், ஓட்டப் போட்டிகளில் அதிகம் கலந்துகொள்கிறார்கள். குலுக்கலில் வாய்ப்புக் கிடைத்த மொத்தப் பேரையும் கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால் அந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது. ஏற்கெனவே உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்கள்தான் முன்வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

உங்கள் கம்பெனியிலும் இதுதான் நடக்கும். யோகாவுக்கு ஆபீஸ்காரர்கள் வருவார்கள், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் வருவார்கள். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு கம்பெனி வண்டியைப் பிடிக்க ஓடும் டைலர் அக்கா வரமாட்டார். நடந்தால் பாயின்ட் என்ற செயலி, நாள் முழுக்க நின்றுகொண்டே பீஸ் பார்க்கும் செக்கிங் பெண்ணுக்கு எதற்கு?

அதனால் இந்த ஒரு மாதத்தில் தையல் மெஷின்கள் வரிசையாக இருக்கும் லைனுக்குப் போய் நில்லுங்கள். கையில் நோட்டு வேண்டாம், பயப்படுவார்கள். ஒரு ஓவர்லாக் மெஷின் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் பாட்டிலை மட்டும் கவனியுங்கள். காலையில் நிரப்பியது மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எவ்வளவு குறைந்திருக்கிறது? பல இடங்களில் குறைந்தே இருக்காது. குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். எழுந்தால் முன்னால் பீஸ் குவியும், பின்னால் இருக்கிறவருக்கு வேலை நிற்கும், சூப்பர்வைசர் கத்துவார். ஆகவே குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்று, எரிச்சல், தலைவலி எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. “தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும்” என்று முகாமில் டாக்டர் பேசினால், அந்தப் பெண்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மெஷினுக்குத் திரும்பிப் போவார்கள். அங்கே வேண்டியது, ஒருவர் எழுந்தால் அந்த மெஷினில் உட்கார ஓர் ஆள். சில கம்பெனிகளில் ஃப்ளோட்டர் என்று வைத்திருக்கிறார்கள். லைனுக்கு ஒருவரைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் திட்டத்தின் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

அப்புறம் உட்காரும் வசதி. நின்று வேலை செய்கிறவர்களுக்கு இடைவெளி கிடைக்கும்போது உட்கார ஏற்பாடு வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. துணிக்கடைப் பெண்கள் உள்ளிட்ட கடை ஊழியர்களுக்காக 2021இல் தமிழ்நாட்டில் தனியாகச் சட்டத் திருத்தம் வந்தபோது எல்லோரும் பேசினோம். தொழிற்சாலைகளில் அது எப்போதோ எழுதி வைக்கப்பட்ட விஷயம். உங்கள் செக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில் ஸ்டூல் இருக்கிறதா?

அடுத்தது ஃபர்ஸ்ட் எய்டு பெட்டி. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழகத்தின் ஆடை ஆலைகளில் வேலை செய்யும் சுமார் நூறு பெண்களிடம் பேசினார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னால் பெயரோ காலாவதித் தேதியோ இல்லாத மாத்திரைகளை, மருத்துவப் படிப்பு இல்லாதவர்களே எடுத்துக் கொடுத்தது அதில் வெளிவந்தது. படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. வலிக்கு மாத்திரை கொடுத்தது உற்பத்தி நிற்காமல் இருக்க. உங்கள் பெட்டியை நீங்களே திறந்து பாருங்கள். மாத்திரை கொடுப்பது நர்ஸ் வேலை. ரெஜிஸ்டரில் எந்த லைனிலிருந்து யார், என்ன தொந்தரவுக்கு வந்தார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதத்து ரெஜிஸ்டர் எந்த ஏஜென்சியின் சர்வேயை விடவும் நிறையச் சொல்லும்.

முகாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பி.பி.யை வெளியே தெரியாமல் சுமப்பவர்கள் ஏராளம், கண்டுபிடிப்பது நல்லதுதான். ஆனால் அளந்து சொல்லிவிட்டு அனுப்பினால் பாதிப் பேர் அதோடு மறந்துவிடுவார்கள். இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போனால் அரை நாள் சம்பளம் போகும் என்பதுதான் முக்கியக் காரணம். மாத்திரை வாங்கப் போகும் அந்த அரை நாளுக்குச் சம்பளம் பிடிக்க மாட்டோம் என்று மேனேஜ்மென்ட் ஒப்புக்கொண்ட பிறகு முகாமை நடத்துங்கள். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் இப்போது தொழிலிடங்களுக்கும் வருகிறது. மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கேட்டால் தனியாருக்குக் காசு கொடுக்க வேண்டியதே இருக்காது.

படிப்பு, வேலை பற்றி. எதிர்காலம் உண்டு, ஆனால் ‘வெல்னஸ்’ என்ற பெயர்ப் பலகையோடு வரும் வேலைகள் இங்கே ஐ.டி. கம்பெனிகளில்தான் அதிகம். ஆலைகளில் இதை நெடுங்காலமாகச் செய்து வருகிறவர் நல அலுவலர். 500 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலைக்கு அவரை 1948 சட்டமே கட்டாயமாக்கியது. உங்கள் எம்.எஸ்.டபிள்யூ. அதற்கு நேரான வழி, அதை விட்டுவிடாதீர்கள். மேலே படிக்க வேண்டுமென்றால் பொதுச் சுகாதாரத்தில் எம்.பி.எச். நல்லது. எண்களைச் சந்தேகத்தோடு படிக்கக் கற்றுக்கொடுக்கும். சென்னை தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் இருக்கிறது. அங்கே தரும், தொழிற்சாலை மருத்துவத்துக்கான ஏ.எஃப்.ஐ.எச். சான்றிதழ் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்குத்தான். அங்கே பாதுகாப்பு, தொழில்சார் சுகாதாரம் பற்றிய பயிற்சிகளும் நடக்கும், உங்களுக்கு எது பொருந்தும் என்று விசாரியுங்கள். ஆன்லைனில் விற்கும் ‘வெல்னஸ் கோச்’ சான்றிதழுக்குப் பணம் கட்டாதீர்கள்.

கடைசியாக அந்தப் பட்டியல். கொடுக்காதீர்கள். சுகர் இருக்கிறவரை நைட் ஷிப்டிலிருந்து எடுக்கலாம் என்று நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த ஆர்டர் குறையும்போது யாரை நிறுத்தலாம் என்று பார்க்கிற கையிலும் அதே தாள்தான் இருக்கும். ஷிப்ட் மாற்றம் வேண்டுமா என்று அந்தப் பெண்ணிடமே நர்ஸ் கேட்கட்டும். அவர் சரி என்றால் “மருத்துவக் காரணம்” என்று மட்டும் கடிதம் போகட்டும். மேனேஜருக்கு, இத்தனை பேருக்குப் பார்த்தோம், இத்தனை பேருக்கு பி.பி. கூடுதல் என்ற எண்ணிக்கை போதும். முகாம் தேதி குறிப்பதற்கு முன்பே இதை எழுத்தில் வாங்கி, தமிழில் அடித்து, டைம் ஆபீஸ் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா