நண்பர்களிடம் இயேசுவைப் பற்றி இயல்பாகப் பேசுவது எப்படி?

வேலை செய்யும் இடத்திலும் நண்பர்களிடமும் விசுவாசத்தைப் பகிர ஆசை, ஆனால் வாயைத் திறந்தாலே பிரசங்கம் போல ஆகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே இருக்காதீர்கள். உங்கள் வாழ்க்கையைப் பற்றி வழக்கமாகச் சொல்லும்போது விசுவாசத்தை மட்டும் ஒளித்துவைக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

திங்கட்கிழமை ஒருவர் "நேற்று என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால், நம்மில் பலர் "சும்மா வீட்டில்தான் இருந்தேன்" என்று சொல்லிவிடுகிறோம். "சபைக்குப் போயிருந்தேன். மன்னிப்பதைப் பற்றிப் பேசினார்கள், அதிலிருந்து என் அண்ணன் ஞாபகமாகவே இருக்கிறது" என்று உள்ளதைச் சொல்லலாமே. கேட்டவருக்கு ஆர்வம் இருந்தால் அண்ணனைப் பற்றி விசாரிப்பார். இல்லையென்றால் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். போகட்டும்.

இயேசுவின் சீடரான பேதுரு தம் முதல் நிருபத்தை, அதாவது கடிதத்தை, பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா போன்ற பகுதிகளில் சிதறி, விசுவாசத்துக்காகப் பாடுபட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு எழுதினார். அவர்களிடமே, தங்கள் நம்பிக்கையைப் பற்றி விசாரிக்கிற யாவருக்கும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்கிறார் (3:15). அவ்வளவு நெருக்கடியில் இருந்தவர்களுக்கே சாந்தம்தான் வழி என்றால், நமக்கு எதற்கு அவசரம்?

என்னோடு வேலை செய்யும் ஒருவரின் அம்மா ஐசியூவில் இருந்தார். "உங்கள் அம்மாவுக்காக வீட்டில் ஜெபிக்கட்டுமா?" என்று கேட்டேன். சரி என்று அம்மாவின் பெயரைச் சொன்னார். அப்புறம் பார்க்கும்போதெல்லாம் அம்மாவின் உடம்பைப் பற்றி மட்டும்தான் விசாரித்தேன். துக்கத்தில் இருப்பவரை ஊழியத்துக்குக் கிடைத்த வாய்ப்பாகப் பார்ப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அம்மா தேறி வீட்டுக்கு வந்து பல மாதம் கழித்து அவரே கேட்டார்: "ஜெபத்தில் அப்படி என்னதான் சொல்வீர்கள்?" அப்பாவிடம் பேசுவது போல் பேசுவேன், அம்மாவின் பெயரைச் சொல்லி வலி குறையட்டும் என்பேன், பயந்துபோயிருந்த உங்களையும் நினைத்துக்கொள்வேன் என்றேன். உடனே அடுத்த கேள்வி வந்தது: "ஜெபித்தும் செத்துப்போகிறார்களே?" என் அப்பா அப்படித்தான் இறந்தார். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஆனால் அந்த நாட்களில் கடவுள் என்னைத் தனியாக விடவில்லை என்று நம்புகிறேன் என்று சொன்னேன். தெரிந்த பதிலை விட, தெரியாது என்று நான் ஒப்புக்கொண்டதுதான் அவரை மேலும் பேசவைத்தது.

கிணற்றடியில் இயேசுவைச் சந்தித்த சமாரியப் பெண்ணும் (யோவான் 4) ஊருக்குள் போய் உபதேசம் எதுவும் செய்யவில்லை. தனக்கு நடந்ததைச் சொன்னாள், வந்து பாருங்கள் என்றாள், அவர் கிறிஸ்துதானோ என்று கேள்வியாகவே நிறுத்தினாள். பிறகு ஊரார் இயேசு பேசியதைத் தாங்களே கேட்டு நம்பினார்கள்.

நீங்கள் மேலதிகாரி என்றால் உங்களுக்குக் கீழே இருப்பவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் அவர்களால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. எதிரில் இருப்பவரின் வழிபாட்டைப் பற்றியும் கேளுங்கள், உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேளுங்கள். அதை மட்டம் தட்டி இயேசுவை உயர்த்த வேண்டியதில்லை. "இரட்சிக்கப்பட்டேன்", "அபிஷேகம்" போன்ற சபைப் பேச்சு வெளியாட்களுக்குப் புரியாது, சாதாரணமாகச் சொல்லுங்கள்.

"இதைப் பற்றிப் பேச வேண்டாமே" என்று ஒருவர் சொன்னால் அன்றோடு விட்டுவிடுங்கள், நட்பை மட்டும் விடாதீர்கள். இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்பவருக்கு மாற்கு சுவிசேஷத்தைக் கொடுங்கள். நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, 16 அதிகாரம், ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். அவருக்கு விருப்பமென்றால் கூடவே உட்கார்ந்து வாசியுங்கள், கேள்விகளை அவர் கேட்கட்டும்.